ஒரே தலைமை ஆசிரியருக்கு இரண்டு கணக்குகள்: ப்ளூ டிக் வாங்கினால் நிற்குமா?

உங்கள் தாய்மாமா 64 வயதான, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவருடைய பெயரையும் படத்தையும் வைத்து யாரோ முகநூலில் ஒரு கணக்கு தொடங்கி, பழைய மாணவர்களிடம் அவசரம் என்று பணம் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாணவர் 15,000 ரூபாய் அனுப்பியும்விட்டார். நீங்கள் புகார் செய்தீர்கள். 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்தது. மாமாவுக்கு ப்ளூ டிக், அதாவது கணக்கு அசல் என்று காட்டும் நீலக் குறி, வாங்கிக் கொடுத்தால் இது நின்றுவிடுமா, ஆதார் இல்லாமல் யாருமே கணக்கு தொடங்க முடியாதபடி ஏன் செய்யக் கூடாது என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி, அடுத்த மாணவர் ஏமாறாமல் இருக்க என்ன வழி என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மற்றதைப் படிப்பதற்கு முன் ஒன்று. பணம் அனுப்பிய மாணவர் இன்னும் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்குப் பேசவில்லை என்றால் இப்போதே பேசச் சொல்லுங்கள். பணம் முதலில் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும். நகர்ந்துவிட்டால் துரத்துவது கடினம். நாள் கடந்துவிட்டது என்பதற்காகப் புகாரையே விட்டுவிட வேண்டாம். பின்னால் எங்கே போனாலும் அந்தப் புகார் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சமூக வலைத்தளத்துக்காகப் புகார்களைப் பரிசீலிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் நான்கு ஆண்டுகள் ஆள்மாறாட்டப் புகார்கள் மட்டுமே. வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே உள்நடைமுறை பற்றி நான் சொல்வதை நான் இருந்த காலத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல. சட்டம் பற்றி எழுதுவது விதிகளைப் படித்த அளவில்தான்.

'மீறவில்லை' என்ற பதிலைப் பார்த்ததும் உங்களுக்கு வந்த கோபம் புரிகிறது. அந்தப் பதிலை அனுப்பும் பொத்தானை நானும் அழுத்தியிருக்கிறேன். எங்கள் திரையில் இடப்பக்கம் புகாருக்கு உள்ளான கணக்கு வரும், வலப்பக்கம் அசல் என்று சொல்லப்படும் கணக்கு வரும். இடப்பக்கத்தில், பணி ஓய்வு விழாவில் மாலையோடு எடுத்த தெளிவான முகம், பள்ளியின் பெயர், ஊர், நூற்றுச் சொச்சம் நண்பர்கள். வலப்பக்கத்தில் முகப்புப் படமாக ஒரு ரோஜாப்பூ, இல்லையென்றால் முருகன். கடைசிப் பதிவு இரண்டு பொங்கலுக்கு முன் யாரோ அனுப்பியதைப் பகிர்ந்த வாழ்த்து. இவர்களில் யார் அசல் என்று, அந்த மனிதரை வாழ்நாளில் பார்த்திராத நான் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். திருடன் தன் கணக்கை அக்கறையோடு ஜோடித்திருப்பான். உரியவரோ தம் கணக்கைத் திறந்தே பல மாதங்கள் ஆகியிருக்கும். இதைவிட மோசம், பல புகார்களில் அசல் கணக்கு எது என்று குறிப்பிடாமலே விட்டிருப்பார்கள். அப்போது வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். எதனோடு எதை ஒப்பிடுவது? 'மீறவில்லை' என்று போய்விடும்.

நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. வேட்டி கட்டிய ஒருவர் புல்லட் மேல் சாய்ந்து நிற்கும் ஒரே படம் இரண்டு கணக்குகளிலும் இருந்தது. ஒன்று ஏழு ஆண்டுப் பழையது, மற்றது தொடங்கி 20 நாள்தான் ஆகியிருந்தது. புதியதுதான் போலி என்று மூடிவிட்டேன். மேல்முறையீட்டில் அடையாள அட்டை வந்த பிறகுதான் தெரிந்தது, புதியதை அவரே தொடங்கியிருக்கிறார். பழையது களவு போய், வேறு யாரோ அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டுத் திருடனைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறேன்.

'பழைய ஐடியின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, இது என் புதிய ஐடி, நண்பர்கள் இதில் இணையவும்.' நம்மில் இப்படி ஒரு பதிவைப் பார்க்காதவர் யார்? போன் மாறினால் புதுக் கணக்கு, சிம் தொலைந்தால் புதுக் கணக்கு. போலிக்காரனுக்கு நாமே திறந்து வைத்திருக்கும் கொல்லைக் கதவு இந்தப் பழக்கம். ஏற்கெனவே நண்பர் பட்டியலில் இருக்கும் ஆசிரியரிடமிருந்து இன்னொரு நட்பு அழைப்பு வந்தால் மாணவருக்குச் சந்தேகம் வர வேண்டும். ஆனால் அவர், 'சார் மறுபடியும் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் போலிருக்கிறது' என்று சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார். நான் பார்த்த தமிழ்க் கணக்குகளில் பெரும்பாலான ஏமாற்று வேலை இந்த வழியாகத்தான் நுழைந்தது. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்துப் பார்த்து வந்த எண்ணம்.

இனி ப்ளூ டிக். அது பிறந்ததே ஆள்மாறாட்டத்தால்தான். 2009-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் டோனி லா ரூசா, தம் பெயரில் யாரோ நடத்திய கணக்குக்காக ட்விட்டர் மீது வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு ஜூனில், சரிபார்க்கப்பட்ட கணக்கு என்ற ஏற்பாட்டை அந்த நிறுவனம் அறிவித்தது. அன்றைக்கு அந்தக் குறி 'இவர் இவரேதான்' என்று மட்டும் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் கிடைக்காத எதற்கும் மதிப்புத் தானாக ஏறிவிடும். 'இவர் பெரிய மனிதர்' என்று மக்கள் அதைப் படிக்கத் தொடங்கினார்கள். 2017-ல், அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதப் பேரணியை ஏற்பாடு செய்தவருக்கும் அந்தக் குறி கிடைத்தபோது எதிர்ப்பு வெடித்தது. 'அடையாளத்தைத்தான் பார்த்தோம், பாராட்டவில்லை' என்ற விளக்கம் எடுபடாமல், பொதுமக்களுக்கு டிக் தருவதையே நிறுத்திவைத்தார்கள்.

2022 நவம்பரில் தலைகீழாக மாறியது. மாதம் 8 டாலர் கட்டினால் டிக். அடையாளத்தைப் பார்ப்பார் இல்லை. எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதிவிட்டார். அசல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அதன் பங்கு விலை 4 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அந்த ஒரு பதிவுதான் பங்கை இறக்கியது என்று கதை பரவியிருக்கிறது. நாள் பொருந்துகிறது என்பதற்கு மேல் அதை நான் நம்பமாட்டேன். பங்குச் சந்தை ஒரு நாளில் இறங்க நூறு காரணம் இருக்கும்.

டிக் அசலாகவே இருந்தாலும் அதன் பின்னால் பேசுவது அசல் ஆள் என்று சொல்ல முடியாது. 2020 ஜூலையில் ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் ஆகியோரின் சொந்தக் கணக்குகளிலேயே, பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகப் பதிவுகள் வந்தன. டிக் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே புகுந்திருந்தது ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் பேசி ஏமாற்றிய கூட்டம். அதன் மூளையாக இருந்தவனுக்கு வயது 17. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே யாரோ பொய்ச் செய்தி போட்டார்கள். அதோடு இணைத்திருந்த கைப்பேசி எண்ணின் சிம்மை மோசடியாக மாற்றி வாங்கியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பாதுகாப்பு விதி சொல்லும் அந்த ஆணையத்தின் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) 2023 ஜூலையிலிருந்தே அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

உங்கள் மாமாவுக்குக் கிடைக்கக்கூடியது முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் விற்கும் கட்டண டிக். இந்தியாவில் 2023 ஜூனில் வந்தபோது கைப்பேசிச் செயலி வழியாக மாதம் 699 ரூபாய். இதில் அரசு அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டையிலுள்ள பெயரும் முகமும் கணக்கோடு பொருந்த வேண்டும். அந்த வகையில் 2022-ல் ட்விட்டர் செய்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அது அவருடைய கணக்கில் விழும் முத்திரைதான். போலிக் கணக்கின் நெற்றியில் எதுவும் ஒட்டப்படப் போவதில்லை. ஊரில் எந்த ஆசிரியருக்கும் டிக் இல்லாதபோது, டிக் இல்லாத ஒரு ஆசிரியரை யார் சந்தேகப்படுவார்கள்? பெயர்ச் சிக்கல் வேறு. நாம் தலைப்பெழுத்துப் போடும் சனம். அட்டையில் அது விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகி நிற்கும். மாணவர்களுக்கோ அவர் 'கணக்கு சார்'. அட்டைப் பெயரோடு டிக் வைத்த கணக்கைப் பார்க்கும் மாணவர் 'இது யார்' என்று தாண்டிப் போனாலும் வியப்பில்லை. ஆக, டிக்கினால் நிச்சயமாகக் கிடைக்கும் பயன் ஒன்று: பரிசீலிப்பவரின் வலப்பக்கத்தில் அட்டையோடு சரிபார்த்த ஒரு முகம் இருக்கும். புகார் விரைவாகத் தீரும் என்பது விற்பவரின் வாக்கு. அதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். மாதாமாதம் கட்டுவதற்கு முன் இலவச வழிகளைப் பார்த்துவிடுங்கள்.

ஆதாரைக் கட்டாயமாக்கும் யோசனை புதிதல்ல. 2018-லேயே இந்தக் கோரிக்கையோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் வந்தன. விவாதம் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது பற்றியதாக விரிந்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் நடுவழி ஒன்றைப் பிடித்தன. பெரிய தளங்கள், விரும்பும் பயனருக்குத் தம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும். விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது.

அந்த 'விரும்பினால்' எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த 15,000 ரூபாய் எங்கே போனது? ஒரு வங்கிக் கணக்குக்கு. வங்கி ஆவணம் வாங்கிச் சரிபார்த்துத்தான் அந்தக் கணக்கைத் திறந்திருக்கும். அவன் பயன்படுத்திய சிம்மும் யாரோ ஆவணம் கொடுத்து வாங்கியதுதான். இரண்டு வாசலிலும் அடையாளம் கேட்டாயிற்று. திருட்டு நடந்துதான் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் வங்கிக் கணக்கையே வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கும் நாட்டில், ஆதாரோடு இணைத்த முகநூல் கணக்கும் அதே சந்தையில் விலைக்கு வரும்.

தென்கொரியா இதைச் செய்தே பார்த்தது. பெரிய தளங்களில் எழுதுவோரின் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்று 2007-ல் சட்டம் போட்டார்கள். தளங்களில், நம் ஆதார் எண் போன்ற மக்களின் பதிவு எண்கள் குவிந்தன. 2011-ல் நேட், சைவேர்ல்ட் தளங்களுக்குள் புகுந்தவர்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நீக்கியது. அண்மையில், 2025 அக்டோபரில், டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்துக்காக வேலை செய்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக ஏறக்குறைய 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தார்கள். ஆளைச் சரிபார்க்கச் சேர்த்துவைத்த அட்டைகளே அடுத்த ஆள்மாறாட்டத்துக்கு விதைநெல்லாகிவிடும்.

புனைபெயரையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனைவியின் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரைத் தமிழ் வாசகர் எல்லோரும் அறிவார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அலுவலகம், சாதி, புகுந்த வீடு என்று சொந்தப் பெயரில் எழுத முடியாமல் இருப்பவர்கள் ஆயிரம் பேர். உங்கள் மாமாவுக்கு நடந்தது வேறு. உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தை எடுத்து, அவர் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த மரியாதையைக் காசாக்கியிருக்கிறார்கள்.

வாக்குச் சாவடியை நினைத்துப் பாருங்கள். அங்கே அட்டை மட்டும் போதும் என்று விட்டுவிடவில்லை. முகவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் அந்த ஆள் இல்லை என்று பட்டால், 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆளைத் தெரிந்தவரின் கண்ணுக்கு விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். முகநூலில் அந்த முகவரின் இருக்கையில் இருப்பவர்கள் மாமாவின் மாணவர்கள்தான். அட்டையைப் பார்க்கும் நான் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவர்களுக்கு ஈடாக மாட்டேன். என்னிடம் வந்த ஒரு புகாரில் திரைப்பிடிப்பு ஒன்றை இணைத்திருந்தார்கள். பணம் கேட்ட 'ஆசிரியரிடம்' ஒரு மாணவர், 'சார், என்னை வகுப்பில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?' என்று கேட்டிருந்தார். 'நேரமில்லை, முதலில் பணத்தை அனுப்பு' என்று பதில். அந்தப் புகாரைத் தீர்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. போலியை நடத்துபவன் பெரும்பாலும் முதலில் உரியவரையும் நெருங்கிய உறவினரையும் பிளாக் செய்துவிடுவான். மாமா எவ்வளவு தேடினாலும் அந்தக் கணக்கு அவர் கண்ணில் படாது. ஆகவே அழைப்பு வந்த மாணவர் ஒருவரிடம் அந்தக் கணக்கின் இணைப்பை நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்; பெயரை அவன் நாளைக்கே மாற்றலாம், கணக்கின் எண் மாறாது. மாமாவின் கணக்கில் ரோஜாவை எடுத்துவிட்டு அவர் முகத்தை வையுங்கள். பிறகு புகார் செய்யும்போது 'வேறொருவராக நடிக்கிறார்' என்ற வகையையே தேர்ந்தெடுத்து, யாராக என்று கேட்கும் இடத்தில் அசல் கணக்கைக் காட்டுங்கள். கோபத்தில் 'மோசடி' என்ற வகையை அழுத்தினால் புகார் வேறு வரிசைக்குப் போய்விடும். நூறு பேரைத் திரட்டிப் புகார் செய்தால் உடனே மூடிவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நான் இருந்த இடத்தில், உரியவரே செய்த ஒரு புகாருக்கு இருந்த எடை அந்த நூறுக்கு இருந்ததில்லை. எல்லாத் தளங்களுக்கும் இதைப் பொதுவாக்கமாட்டேன்.

பொத்தான் புகாரோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. 2021 விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் உண்டு. ஆள்மாறாட்டம் என்று உரியவரோ அவர் சார்பில் இன்னொருவரோ எழுதினால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று அந்த விதிகள் வந்தபோதே காலக்கெடு வைத்தார்கள். ஆகவே மாமா சார்பில் நீங்களே எழுதலாம். அங்கேயும் கைவிரித்தால், 2023-ல் செயல்படத் தொடங்கிய, மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். காவல்துறைக்குப் போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் இருக்கின்றன. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ம் பிரிவில் ஐந்தாண்டு வரை உண்டு. பிரிவுகள் பலமானவை, ஆளைப் பிடிப்பது வேறு கதை, அதில் பொய்யான நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. கணக்கு மூடப்படுவதற்கு முன்பே இணைப்பு, திரைப்பிடிப்புகள், பணப் பரிவர்த்தனை எண் மூன்றையும் சேமித்துவிடுங்கள். மூடிய பிறகு காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இவை ஒரு பக்கம் நடக்கட்டும். முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மாமாவை 20 விநாடி பேசி ஒரு குரல் பதிவு போடச் சொல்லுங்கள்: எனக்கு இருப்பது ஒரே கணக்கு, நான் யாரிடமும் பணம் கேட்கமாட்டேன், கேட்டால் எனக்கு போன் செய்யுங்கள். குரலையும் இப்போது போலி செய்கிறார்களே என்றால், உண்மைதான். அதனால்தான் மாணவர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குத் தாங்களே அழைக்க வேண்டும். யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரையும் படிக்கச் சொல்லுங்கள். 'இது நண்பரின் எண், அவருக்கு அனுப்பு' என்று சொன்னாலே அங்கே நின்றுவிட வேண்டும். மாமாவின் நண்பர் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைத்துவையுங்கள். யாருக்கு அழைப்பு அனுப்புவது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதே அந்தப் பட்டியல்தான். 2020 முதல் இந்தியப் பயனர்களுக்குப் பக்கத்தையே பூட்டிவைக்கும் வசதியும் இருக்கிறது.

புகாரை அனுப்பும் முன் மாமாவிடம் ஒன்று கேளுங்கள். அவரே தொடங்கி, பாஸ்வேர்டு மறந்து கைவிட்ட கணக்கு ஏதாவது கிடக்கிறதா? மூன்று போன் மாற்றியவருக்குக் குறைந்தது ஒன்றாவது இருக்கும். இருந்தால், பரிசீலிப்பவரின் முன்னால் மூன்று தலைமை ஆசிரியர்கள் வரிசையாக நிற்பார்கள். திறக்க முடிந்தால் அதை மூடிவிடுங்கள். முடியாவிட்டால், அதன் இணைப்பையும் கொடுத்து, இதுவும் என்னுடையதுதான், பயன்படுத்துவதில்லை என்று குறைதீர் அலுவலருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.